டிரம்பெட்டுக்குக் கீழே ஒரு வரி

ஆந்திர எல்லையில் இருக்கும் எங்கள் நகரியில் ஜாஸ் கேட்கிற ஆள், எனக்குத் தெரிந்து, நான் ஒருவன்தான். பேச்சுத்துணை எல்லாம் வாட்ஸ்அப் குழுவில். அங்கே ஒரு வழக்கம் உண்டு. பழைய ஒலிப்பதிவைப் போட்டு, யார் வாசித்தது, எந்த மறுவெளியீடு என்றெல்லாம் எழுதிய பிறகுதான் சொந்தச் செய்தி. அம்மா இறந்தபோதும் அப்படியே செய்தேன். கடைசி வரியில் அம்மா போய்விட்டதைச் சொன்னேன். பதில்கள் குவிந்தன. எல்லாம் டிரம்பெட்டைப் பற்றி.

மறுநாள் மதியம், குழுவில் பெயராக மட்டுமே தெரிந்த திருப்பதிக்காரர் ஒருவர் ரயிலேறி, வீட்டை விசாரித்துக்கொண்டு வந்து நின்றார்.

"எதனா துன்னியாப்பா?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். பக்கத்து வீட்டுப் பவர்லூம் சத்தத்தில் கொஞ்சம் உரக்கவே கேட்டேன்.

"அந்தக் கடைசி வரிய நீங்க மட்டும் எப்டி சார் பாத்தீங்க?"

"என் சம்சாரம் போனப்ப நானும் கடைசியிலதான் எழுதினேன். அதிலருந்து எல்லாத்தையும் அடிவரைக்கும் படிச்சிக்கினு இருக்கேன்."

அவர் போட்ட அந்தப் பதிவு எனக்கு நினைவிருந்தது. சாக்சபோன் அபாரம் என்று முதல் ஆளாகப் பதில் போட்டவன் நான்.

அவர் அதைச் சொல்லிக்காட்டவில்லை. "எழுந்திருப்பா, துன்னுட்டு வரலாம்" என்றார்.

இப்போதெல்லாம் யார் எது அனுப்பினாலும் கடைசி வரிக்குத்தான் முதலில் போகிறேன். பெரும்பாலும் அங்கே ஒன்றும் இருப்பதில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இசை காதில் ஏறுகிறது.