பொட்டு வைத்த ஸ்டென் துப்பாக்கி

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதன் எவ்வளவு முட்டாளாக இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் என்னைக் காட்டலாம். உலகப் போரில் புழங்கிய ஓர் இயந்திரத் துப்பாக்கியைச் செத்துப்போனது என்று என் கைப்பட எழுதிவைத்துவிட்டு, அதற்கு நேர் அடியில் மூன்று வாரம் மத்தியானத் தூக்கம் போட்டவன் நான்.

வளைகுடா நாட்டில், அல் கூஸில் ஓர் அரபு முதலாளியின் கிடங்கில் எனக்கு வேலை. அர்பாப் என்றுதான் முதலாளியை அழைப்போம். பழம்பொருள் சேர்ப்பவர். வந்து இறங்கும் கிராமபோன், திசைகாட்டி, கப்பல் மணி எல்லாவற்றுக்கும் குறிப்பு எழுதுவது நான். கையெழுத்துப் போட்டுப் பொறுப்பேற்பது ஸ்டோர்கீப்பர். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், அதிகம் பேசாதவர். போரைப் பற்றி நான் பதினேழு புத்தகம் படித்திருந்தேன். அவர் ஒன்றும் படித்ததில்லை. போர் நடந்த மண்ணிலேயே பிறந்து வளர்ந்திருந்தார், அவ்வளவுதான்.

ஸ்டென் வந்தபோது துருப்பிடித்த தண்ணீர்க் குழாயின் பக்கவாட்டில் யாரோ தகரப் பெட்டியைச் செருகியது போலிருந்தது. அந்தப் பெட்டிக்குள்தான் தோட்டாக்கள் இருக்கும். குழாயின் மறுபக்கத் துவாரம் வழியாக அதன் வாயைப் பார்த்தேன், காலி. மற்ற எதுவும் அசையவில்லை. ‘செயலிழந்தது’ என்று எழுதினேன். என்னை நம்பி அவர் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. ஆண்டுதோறும் ஸ்பானருக்கும் ஃபோர்க்லிஃப்டுக்கும் எண்ணெய் போட்டுத் துடைத்துப் பொட்டு வைப்போம். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் சிவகங்கைக்காரர் கேட்டார்: “இத்தன வருசமா ஸ்பானருக்குத்தான் கும்புட்டோம். நெசமான ஆயுதம் இப்பத்தான் வந்திருக்கு. விட்டுட்டா சாமி என்னண்ணே நெனைக்கும்?”

நியாயம்தானே? தோட்டாப் பெட்டியோடு சேர்த்து முழுத் துப்பாக்கியையும் இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தையல் மிஷின் எண்ணெய் விட்டோம். பிறகு சந்தனம், குங்குமம். கைப்பிடியை இழுத்தால் உள்ளே ஏதோ வழுக்கிக்கொண்டு போனது. துரு விட்டது என்று பெருமைப்பட்டேனே தவிர, ‘செயலிழந்தது’ என்ற சொல்லை அடிக்க வேண்டும் என்று தோன்றவில்லை. அர்பாப் மகிழ்ந்துபோய் அலுவலகச் சுவரில் மாட்டச் சொன்னார். அதன் கீழே சோபா. என் சோபா.

அதன்பிறகு அந்த அறையின் மத்தியானம் மாறிவிட்டது. எல்லோரும் சாப்பிடப் போய், கிடங்கின் இயந்திரங்கள் அடங்கி, ஏசி மட்டும் முனகும் நேரம். ‘டிக்’ என்று ஒரு சத்தம். நெடுநேரம் ஒன்றுமில்லை. மறுபடி ‘டிக்’. கண்ணைத் திறந்தால், நேற்று கூரையைப் பார்த்திருந்த குழல் சற்றே இறங்கியிருக்கும். நேராக்கிவிட்டுப் படுப்பேன். மறுநாள் இன்னும் கொஞ்சம் இறங்கியிருக்கும். எட்டாம் நாள் அது என் தலையணையைப் பார்த்தது. காய்ந்த குங்குமப் பொட்டு ஒற்றைக் கண் போல என்மேலேயே இருந்தது.

ஃபோர்க்லிஃப்ட்காரரைச் சந்தேகப்பட்டேன். “சத்தியமா நான் தொடலண்ணே. பூச போட்ட பொருளு, வெளயாடுவனா?” என்றார். ஸ்டோர்கீப்பரோ அந்த அறைக்கு வருவதையே விட்டிருந்தார். சரக்கு இறக்கும் வாசலில், அனல் காற்றில் உட்கார்ந்து சோறு தின்றார்.

வியாழக்கிழமை அவருக்கு ஃப்ளைட். மூன்று வருஷம் கழித்து லீவு. அவர் கிளம்பி வந்தபின் பிறந்த மகளை முதல்முறையாகப் பார்க்கப் போகிறார். புதன்கிழமை போலீஸ் சோதனை. பதிவேட்டில் பிசகு இருந்தால் கையெழுத்துப் போட்டவர் விமானம் ஏற முடியாது.

செவ்வாய் மத்தியானம், போலீஸுக்குக் காட்டத் துப்பாக்கியின் விரிவான குறிப்பை வாங்க ஸ்டோர்கீப்பர் வந்தார். நான் சோபாவில் சாய்ந்தபடியே வாசித்தேன்: “நூறு மீட்டரைத் தாண்டினால் குறி தவறும். அவசரத்தில் மலிவாகச் செய்தது. கீழே விழுந்தால் தானாகச் சுடும் என்ற கெட்ட பெயர் உண்டு. அறைச் சண்டைக்குத்தான் லாயக்கு.”

அவர் சுவரைப் பார்த்தார். “இந்த அறை எத்தினை மீற்றர், அண்ணை?”

“நாலு இருக்கும்.”

‘டிக்.’

இம்முறை இருவருக்கும் கேட்டது.

“எழும்புங்கோ. மெல்ல.”

அது நான் அறிந்த முகம் இல்லை. சோபாவில் ஏறி, முதலில் துப்பாக்கியின் அடியைத் தாங்கிப் பிடித்தார். தூக்கியதும் ஆணியும் கூடவே வந்தது, ஒரு சிட்டிகைச் சுண்ணாம்போடு. குழல் இறங்கியதன் ரகசியம் அதுதான். பிறகு, பார்க்காமலேயே அவர் விரல் ஏதோ ஒரு கொக்கியை அழுத்த, தோட்டாப் பெட்டி கழன்றது. பதினேழு புத்தகம் படித்த எனக்கு அந்தக் கொக்கி எங்கே என்று தெரியாது. பெட்டியின் வாயை என் பக்கம் திருப்பினார். காலியாக இருந்த இடத்தில் ஒரு தோட்டா நின்றது, அதன் கீழே இன்னொன்று. துருவில் உறங்கிய ஸ்பிரிங், எங்கள் எண்ணெயில் விழித்து, அடியில் சிக்கிக் கிடந்த தோட்டாக்களை டிக் டிக்கென்று மேலே தள்ளியிருக்கிறது.

“விழுந்திருந்தா?” என்றேன்.

“விழேல்லைத்தானே.”

அர்பாப் உடனே போலீஸை அழைத்தார். வந்த அதிகாரி பதிவேட்டைப் புரட்டி, ‘செயலிழந்தது’ என்று சொன்னது யார் என்று கேட்டார். கையெழுத்து ஸ்டோர்கீப்பருடையது. அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “நான்” என்றேன். அலங்காரமில்லாமல் நான் சொன்ன மிகச் சிறிய வாக்கியம் அதுதான். என்னை மூன்று மணி நேரம் விசாரித்தார்கள், அவரைப் பத்து நிமிஷம். துப்பாக்கி பொட்டோடு போனது.

வியாழக்கிழமை முவைலாவில் அவர் தங்கியிருந்த அறையிலிருந்து நானே அவரை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அவர் மடியில் மகளுக்கான பொம்மைப் பெட்டி. வழியெல்லாம் அடக்கிவைத்ததைக் கடைசியில் கேட்டேன்: “மூணு வாரமா அந்த அறைக்குள்ள வராம வெயில்ல உக்காந்து சாப்பிட்டீங்களே, அது உயிரோட இருக்குன்னு உங்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு, இல்லையா?”

அவர் கொஞ்சம் சங்கடப்பட்டார்.

“உது எனக்கென்னண்டு தெரியும், அண்ணை? உங்கட குறட்டை தாங்கேலாமத்தான் வெளியில போனனான்.”