பால் என்று நினைத்த வெள்ளை

சென்ற தை அறுவடையில் என் அண்ணி மார்த்தாளின் கண்ணில் நெல் சுணை, உமியின் ஊசி போன்ற தூசு, விழுந்தது. அதற்காகத்தான் நாங்கள் இருவரும் சாலவாக்கத்துப் பக்கத்திலிருந்து பட்டணத்துக் கண்ணாஸ்பத்திரிக்குப் போய் வந்தோம். ஆசைப்பட்டுப் போன பயணம் அல்ல. ஆனாலும் கதிரடிக்கப் போகாத வீடு எங்கள் பக்கத்தில் இல்லை என்பதால், யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன்.

அண்ணிக்கு இருப்பதே ஒரு கண். வலது கண் சிறு வயதில் அம்மையில் போய்விட்டது. சுணை விழுந்தது இடது கண்ணில். களத்தில் எப்போதும் செய்வதைத்தான் அன்றும் செய்தார்கள். ஒருத்தி நாக்கு நுனியால் சுணையை எடுத்தாள். கைக்குழந்தைக்காரியான பக்கத்து வீட்டுச் சரசு தாய்ப்பாலைக் கண்ணில் பீய்ச்சினாள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி கதிரடிக்கப் போய்விட்டாள்.

பிறகு கண் சிவந்தது, ஓயாமல் நீர் வடிந்தது. வெளிச்சம் பட்டாலே துடித்தாள். கருவிழியில் நொய்யரிசி அளவுக்கு வெள்ளையாக ஏதோ தெரிந்தது. சரசு இமையை விரித்துப் பார்த்தாள்.

"அது பாலுதான்க்கா. உள்ளயே தங்கிக்கீது. இன்னும் ரெண்டு சொட்டு வுட்டா கரைஞ்சிகினு வந்துடும்."

தினமும் விட்டாள். எல்லோரும் நம்பினார்கள். பால் விட்ட கண்ணில் வெள்ளை தெரிந்தால் வேறென்ன நினைப்பார்கள்? வெள்ளை மிளகளவு ஆயிற்று. அண்ணன் செங்கல் சூளை வேலைக்குப் போயிருந்தான். பள்ளிக்கூடத்தில் விடுப்புச் சொல்லிவிட்டு நான்தான் அவளை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

சாலவாக்கம் வரை நடை. அங்கிருந்து செங்கற்பட்டுக்கு முதல் பஸ். அதை விட்டால் வெயில் ஏறிவிடும். இப்படிப்பட்ட கண்ணோடு போகிறவர்கள் பஸ்ஸிலும் ரயிலிலும் இடது பக்கமாகவே உட்காருங்கள். காலையில் பட்டணம் போகும்போதும் பிற்பகலில் திரும்பும்போதும் வெயில் வலது பக்கம்தான் அடிக்கும். இது தெரியாமல் பாதி வழி வலது பக்கம் உட்கார்ந்து, அண்ணி முந்தானையை முகத்தின்மேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

கண்டக்டர் சிரித்தார். "இன்னாம்மா, புதுப்பொண்ணா? முக்காடு போட்டுக்கினு கீற?"

"ஆமா நைனா, ரெண்டு புள்ள பெத்த புதுப்பொண்ணு. பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லு."

அவர் நகர்ந்து போனதும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். செங்கற்பட்டில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கும் வரையில் விடவில்லை. ஜன்னலில் கரித்தூள் பறந்து வரும். ஈரத்துணி ஒன்று கையில் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரியில் வரிசை நீளம். விடியும்போதே போய்ச் சீட்டு வாங்குவது நல்லது. எங்கள் முறை வருவதற்குள் எனக்கே தலை சுற்றியது. பார்த்தவர் ஒரு பெண் டாக்டர்.

"கண்ணில் என்ன விட்டீர்கள்?"

நான் சொன்னேன். அவர் திட்டவில்லை. உப்பு நீரில் பஞ்சை நனைத்து மெல்லக் கழுவினார். "பாலாக இருந்தால் இதில் போயிருக்க வேண்டும்" என்றார். வெள்ளை அப்படியே இருந்தது. பிறகு ஒரு சொட்டுச் சாயம் விட்டு விளக்கைப் பிடித்தார். வெள்ளையைச் சுற்றிப் பச்சையாக ஒரு திட்டு தெரிந்தது. சுணை கீறிய இடத்தில் கிருமி புகுந்து புண்ணாகியிருக்கிறது; எச்சிலும் பாலும் அதற்குத் தீனி என்றார்.

"அப்போ அது பாலு இல்லியா, டாக்டரம்மா?" அண்ணியின் குரல் இறங்கிப்போயிருந்தது. "எனுக்கு இது ஒண்ணுதான் கீது."

புண்ணின் ஓரத்தைச் சுரண்டி எடுத்துச் சோதித்தார்கள். அண்ணியை அங்கேயே சேர்த்துக்கொண்டு இரவு பகலாக மணிக்கொரு முறை சொட்டு மருந்து விட்டார்கள். கண்மணியை விரிக்கும் மருந்தால் கிட்டத்தில் உள்ளது கலங்கலாகத் தெரியும், பயப்பட வேண்டாம். நான் ராத்திரியெல்லாம் வராந்தாவில் கொண்டுபோன புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்துக் கட்டில் கிழவியின் கருவிழி ஓரத்தில் வெள்ளை வளையம் இருந்தது. அது வயதானால் வருவது, வலிக்காது, பார்வையைக் கெடுக்காது என்றார்கள். வலியும் சிவப்பும் நீரும் வெளிச்சக் கூச்சமும் சேர்ந்து ஒரு வெள்ளைப் புள்ளி வந்தால் அது வேறு. அன்றைக்கே கிளம்புங்கள். கண்ணை இறுக்கிக் கட்டாதீர்கள். சுத்தமான தண்ணீர் தவிர எதையும் விடாதீர்கள், இன்னொருவர் வீட்டு மருந்து உட்பட.

புண் ஆறியது. ஆறின இடத்தில் தழும்பு நின்றுவிட்டது. அது போகாது, எட்ட இருப்பதெல்லாம் பனிமூட்டத்தில் இருப்பதுபோலத்தான் தெரியும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

திரும்பும்போது நான் இடது பக்கம் இடம் பிடித்தேன். அண்ணி வலது பக்கம் போய் உட்கார்ந்தாள். "வெய்யில் பட்டுக்கினு வரட்டும். இப்போ குத்தல." சிறிது நேரம் கழித்து, "சரசு கேட்டா பாலால ஆச்சுன்னு சொல்லாத. புள்ளக்காரி, மனசு ஒடிஞ்சிடும்" என்றாள்.

"சொல்லாவிட்டால் நாளைக்கு வேறு யார் கண்ணிலாவது விடுவாள், அண்ணி."

அவள் வெயில் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

எங்கள் தெருமுனையில் சரசு குழந்தையோடு நின்றாள். கிட்ட வரவில்லை. பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த யாரோ அவளிடம் ஏற்கெனவே சொல்லியிருக்க வேண்டும், அழுது முகம் வீங்கியிருந்தது. அண்ணி கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள்.

"யாரு, சரசுவா? இன்னாடி அங்கியே நிக்கிற? புள்ளய இப்படிக் குடு."

"வேணாங்க்கா. என் பாலுதான..."

"பாலு புள்ளைக்கு. கண்ணுக்கு இனிமே தண்ணி. அவ்ளோதான்."

குழந்தையை வாங்கித் தூக்கினாள். மூக்கும் மூக்கும் இடிக்கும் அளவுக்கு முகத்தருகே கொண்டுவந்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "பல்லு வந்துகீதுடி" என்றாள்.