அதே மாதிரி ஒன்னு கொடு

மோட்டார் விற்கிறவருக்கு நிம்மதியான தூக்கம் உண்டு. அந்த மோட்டாரை ஓட்டி நிறுத்துகிற சாமான் விற்கிறவருக்குக் கிடையாது. கவுண்டருக்குப் பின்னால் நின்று சிரித்த முகத்தோடு திட்டு வாங்கிய யாரும் இதை ஒப்புக்கொள்வார்கள்.

ஈப்போவில் ஒரு மின்சாமான் கடைக்கு நான் டைப்பிஸ்டாகத்தான் போனேன். எழுபதுகளின் நடுவில் கவுண்டர்க்காரர் சிங்கப்பூருக்குப் போய்விட, கடை முதலாளி தவுக்கே என்னைக் கொண்டுபோய் அங்கே நிறுத்தினார். அதிகம் விற்றது கான்டாக்டர். பட்டனை அழுத்தினால் 'டக்'கென்று ஒட்டிக்கொண்டு மோட்டாருக்குக் கரண்டு விடும் சாமான். "காண்ட்ராக்டர் இருக்காரா?" என்று தோட்டத்தில் ஆள் வைத்து வேலை வாங்கும் காண்ட்ராக்டர் ஞாபகத்தில் கேட்டு வந்தவர்களும் உண்டு. எதைக் கேட்டாலும் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "அதே மாதிரி ஒன்னு கொடு."

கோயில் எத்தனை?

கான்டாக்டருக்குள் ஒரு கம்பிச் சுருள் இருக்கும். அதற்குக் கரண்டு போனால்தான் அது ஒட்டும். இங்கிலீஷில் 'காயில்', எங்கள் கடையில் எல்லார் வாயிலும் அதன் பெயர் 'கோயில்'. அது 240 வோல்ட்டா, 415 வோல்ட்டா என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது. கோப்பெங்கில் மரப்பட்டறை வைத்திருந்த முனுசாமி அண்ணனிடம், "அண்ணே, கோயில் எத்தனை?" என்று கேட்டேன். "ரெண்டு" என்றார். இருநூற்றுச் சொச்சமா என்று திருப்பிக் கேட்கக் கூச்சம். வேலைக்குப் புதிசு, பின்னால் நாலு பேர் நிற்கிறார்கள். கைக்கு வந்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டேன். அது 415, அவருக்கு வேண்டியது 240.

மறுநாளே வந்துவிட்டார். பட்டனை அழுத்தினால் ஒட்டாமல் கடகடவென்று நடுங்குகிறதாம். நான் கேட்டது அந்தச் சுருளைத்தான் என்று விளக்கத் தொடங்கினேன். அவர் முடிக்க விடவில்லை.

"மாரியம்மன் ஒன்னு, முனியாண்டி ஒன்னு, ரெண்டுக்கும் தேங்கா ஒடச்சிட்டுத்தான் பட்டன அழுத்துனேன் தங்கச்சி, அப்பவும் ஒட்ட மாட்டேங்குது லா!"

பத்து ஆம்ப்

தெலுக் இந்தானில் ரேடியோ பழுது பார்க்கும் ஆரோக்கியம், மாடித் தண்ணீர்த் தொட்டி தானாக நிரம்பித் தானாக நிற்க ஒரு வழி செய்தார். அதற்குக் கான்டாக்டரின் குட்டித் தம்பி மாதிரி உள்ளங்கையில் அடங்கும் பத்து ஆம்ப் ரிலே ஒன்று கேட்டார். ஒரு ஹார்ஸ்பவர் மோட்டாருக்கு அது தாங்காது, கான்டாக்டர் வாங்குங்கள் என்றேன். ஓடும்போது ஏழு ஆம்ப்தான், ஆனால் கிளம்பும்போது அதைப்போல் ஐந்தாறு மடங்கு இழுக்கும் என்றும் சொன்னேன். டைப்பிஸ்ட் சொல்லி ரேடியோக்காரர் கேட்பாரா? மூன்றாம் வாரம் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டிக்கொண்டன. தொட்டி நிரம்பியும் மோட்டார் நிற்கவில்லை. கீழே தையல் கடையில் மாப்பிள்ளைக் கோட்டு இரண்டு நனைந்து தொங்கின. தையல்காரரையும் கூட்டிக்கொண்டே கடைக்கு வந்தார் ஆரோக்கியம்.

"டப்பாவுல பத்து ஆம்ப்னு கொட்ட எழுத்துல போட்டிருக்கு, அத மோட்டாரு படிக்கலன்னா நான் என்னா செய்ய?"

வேர்த்த கதை

பீடோரில் மாவு மில் நடத்திய சூசையம்மா அக்காவுக்குத் தேவைப்பட்டது பழைய மாதிரிக் கைப்பிடி சுவிட்ச். கரண்டு போய்த் திரும்பி வந்தால் அந்தச் சுவிட்சில் மில் தானாகவே சுற்ற ஆரம்பித்துவிடும். கான்டாக்டர் போட்டால் மறுபடி பட்டனை அழுத்தினால்தான் சுற்றும். "ஒவ்வொரு தடவையும் நான் போயி அழுத்தணுமா? சுசா லா, பெரிய தொல்ல" என்று முகத்தைச் சுளித்தார். நானும் விடவில்லை. அரைமணி நேரம் வாதாடி, கான்டாக்டரோடுதான் பஸ் ஏற்றினேன்.

இரண்டு மாதம் கழித்து வந்தார். சாமான் எதுவும் கேட்கவில்லை, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மிளகாய் அரைக்கும்போது கரண்டு போயிருக்கிறது. மில்லின் வாயில் அடைத்திருந்ததைக் கையை விட்டுத் தோண்டியிருக்கிறார். கை உள்ளே இருக்கும்போதே கரண்டு வந்துவிட்டது.

"லைட்டு எரிஞ்சிச்சு, காத்தாடி சுத்திச்சு, இந்த மில்லு மட்டும் சனியன் ஓடலியேன்னு ஒன்னத்தான் திட்டிக்கிட்டே கைய எடுத்தேன், அப்புறம்தான் வேர்த்துச்சு."

தகடு

இது என் தப்பு. எண்பதுகளின் தொடக்கத்தில், தோட்டத்தில் பம்ப் ஓட்டிய மாணிக்கம் அண்ணன் ஓவர்லோடு ரிலே கேட்டு வந்தார். மோட்டார் அளவுக்கு மேல் கரண்டு இழுத்தால் கான்டாக்டரை விழவைத்து மோட்டாரை நிறுத்தும் காவல்காரன் அது. மோட்டார் எத்தனை ஹார்ஸ்பவர் என்றேன். மூன்று என்றார். மோட்டார் விவரம் பொறித்த தகட்டின்மேல் பச்சைப் பெயிண்ட் அப்பியிருப்பதாகவும் அவரே சொன்னார். சுரண்டிப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. மூன்றுக்கு ஏற்ற ரிலேயைக் கொடுத்தேன். மோட்டாரோ ஐந்து.

மணிக்கு ஒருமுறை ரிலே விழுந்தது. தோட்டத்து வீட்டு வரிசையான லயத்தில் கல்யாணம், தண்ணீர் நிற்கக் கூடாது. மாணிக்கம் அண்ணன் கான்டாக்டர் விழாதபடி ஒரு மூங்கில் குச்சியைச் செருகிவிட்டார். அதன் பிறகு காவலே இல்லை. ஆற்றுச் சருகு பம்பை அடைத்தபோது மோட்டார் புகைந்து கருகியது. மூன்று நாள் லயத்துப் பெண்கள் ஆற்றிலிருந்து தண்ணீர் சுமந்தார்கள்.

புது மோட்டாரோடு தவுக்கேயும் நானும் வேனில் போய் இறங்கியபோது, மேனேஜர் அந்தக் குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு, நாளையிலிருந்து வேலைக்கு வர வேண்டாம் என்று மாணிக்கம் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் தலையைக் குனிந்து நின்றார்.  "குச்சி அவர் வச்சதுதான். ஆனா குச்சி வைக்கிற மாதிரி ரிலேயைக் கொடுத்தது நான்" என்றேன். தவுக்கே என்னைப் பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை. மேனேஜர் இரண்டு முறை விவரம் கேட்டார். பிறகு குச்சியைத் தூர எறிந்துவிட்டு ஆபீசுக்கு நடந்தார். மாணிக்கம் அண்ணனுக்கு வேலை போகவில்லை, எனக்கும் போகவில்லை.

அடுத்த முறை வேறொரு மோட்டாருக்குச் சாமான் வாங்க வந்தவர், அதன் தகட்டையே கழற்றிக் கொண்டுவந்து கவுண்டரில் வைத்தார்.

"நான் சொல்றத நீ கேக்காத, நீ சொல்றத நானும் கேக்கல, இது என்னா சொல்லுதோ அதக் கொடு."

இருபது வருடத்தில் எல்லா அளவிலும் கான்டாக்டர் விற்றுவிட்டேன். கேட்ட கேள்விக்குச் சரியாகப் பதில் சொல்லும் வாடிக்கையாளர் மட்டும்தான் கடைசிவரை எங்கள் கடை ஸ்டாக்கில் வரவே இல்லை.