எத்தனை தையல்?

என்னிடம் இரண்டு டிஸ்சார்ஜ் சீட்டுகள் இருக்கின்றன. ஒன்று என்னுடையது, மற்றது என் தங்கை கணவருடையது. இருவருக்கும் ஒரே நோய்: வயிற்றுக்குள் இறங்கும் பெரிய இரத்தக் குழாய் பலூன்போல் வீங்கியிருந்தது. என் சீட்டில், நெஞ்சுக்குழியிலிருந்து தொப்புளுக்குக் கீழ்வரை கீறியதாக இருக்கிறது. அவருடையதில், இரு தொடையிடுக்கிலும் துளையிட்டு, வீக்கத்துக்குள் செயற்கைக் குழாய் செருகியதாக இருக்கிறது. அவர் சீட்டின் கடைசி வரி: ஆண்டுதோறும் ஸ்கேன் அவசியம்.

கீறிய உடம்பு எளிதில் எழவில்லை. நான்கு நாள் குடல் அசையவில்லை. இருமும்போது தலையணையை வயிற்றோடு அழுத்திப் பிடித்துக்கொள்வேன். ஆறு வாரம் கழித்தும், குளித்து முடித்தால் படுக்க வேண்டியிருந்தது. ஆனால் ஞாயிறு ஆராதனை முடிந்து பார்க்க வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்டது, "எத்தனை தையல்?" சட்டையைத் தூக்கிக் காட்டுவேன். அலமாரியில் ஹார்லிக்ஸ் பாட்டில்கள் நிறைந்தன.

இரண்டாண்டு கழித்துத் தங்கை கணவருக்குச் சிகிச்சை நடந்தது. ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். மறுநாள் காலையிலேயே நடந்தார், இட்லி தின்றார். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்தார். அன்று மாலை காய்ச்சல் ஏறியது. மருத்துவர் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, கிருமி இல்லை, உள்ளே வைத்த புதுக்குழாயை உடம்பு எதிர்க்கிறது, சிலருக்கு இப்படி வரும், ஓய்வெடுங்கள் என்றார். வெளியே காட்ட இரண்டு சிறு பிளாஸ்திரிகளைத் தவிர ஒன்றுமில்லை. அதுவோ தீபாவளி சீசன்.

வீடு நிறைய ஆள் இருந்தபோது நான் கேட்டேன்: "என்ன மாப்ள, கொசு கடிச்சதுக்கா கம்பெனிக்கு லீவு போட்டீக?"

போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே சொன்னார்: "உங்களுக்கென்ன மச்சான், வயித்துல தண்டவாளமே ஓடுது. எனக்கு ரெண்டே டேசன்தான்."

எல்லாரும் சிரித்தார்கள். கம்பெனியிலிருந்து வந்திருந்தவரும் சிரித்துவிட்டுப் போய் அங்கே சொன்னார். 'கொசுக்கடி போர்மேன்' என்று பெயராயிற்று. காய்ச்சல் முழுதாக விடுமுன்பே அவர் வேலைக்கு வேன் ஏறினார்.

மறு ஆண்டு ஸ்கேன் எடுக்க மதுரைக்குத் தங்கை அவரைக் கூப்பிட்டாள். அவர் என்னைப் பார்த்துக்கொண்டே, "தையலே இல்லாதவனுக்கு ஸ்கேன் ஒரு கேடா?" என்றார். நான் சொல்லக்கூடியதை அவரே முந்திக்கொண்டு சொல்லிவிட்டார். நானும் சிரித்தேன். திறந்து தைத்த இடம் பெரும்பாலும் அப்படியே நிற்கும், செருகிய குழாயின் ஓரத்தில் வலியில்லாமல் இரத்தம் கசிந்து பழைய வீக்கம் வளரலாம் என்று அதற்கு முன்பே படித்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால், அவர் நோயும் என்னுடையதைப்போலப் பெரிது என்று ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கும்.

அடுத்த சீசனில் ஒரு நாள், மதியச் சாப்பாட்டுக்குப் பின் முதுகைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். சாயங்காலம் வரை வேலை பார்த்திருக்கிறார். வீடு திரும்பும் வேனில் சரிந்தார். விருதுநகர் வருமுன் உயிர் போய்விட்டது. உள்ளே வீங்கிய இரத்தக் குழாய் வெடித்திருந்தது.

அடக்கம் முடிந்தபின், அன்று அந்த வேனில் இருந்த இருவரிடம் தனித்தனியே கேட்டுக் குறித்துவைத்திருக்கிறேன். ஓட்டுநர், அவர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்கிறார். பக்கத்தில் அமர்ந்திருந்த அம்மாள், சரிவதற்கு முன் அவர் இப்படிச் சொன்னதாகச் சொல்கிறார்: "மத்தியானமே வலி எடுத்துருச்சும்மா. சொன்னா எங்க மச்சான் சிரிப்பாக."

இரண்டில் எது உண்மை என்பதை இதுவரை உறுதி செய்ய முடியவில்லை.