பேரலைப் படமும் நான் வெட்டிய நான்கு நிமிடமும்

1. பெட்டி வந்த காலை

2005ஆம் ஆண்டுக் கோடை. கடல் ஊருக்குள் வந்துபோய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. மரக்காணத்தில் நான் ஆப்பரேட்டராக இருந்த திரையரங்கில் அதன்பின் பாதி இருக்கைகூட நிரம்பவில்லை. அன்று காலை புதுச்சேரிப் பேருந்திலிருந்து இரண்டு தகரப் பெட்டிகள் இறங்கின.

முதலாளி சொன்னார்: "ஏம்பா, இதுவும் ஓடலைன்னா உப்பு குடோனுக்கு விட்டுடலாம்னு இருக்கேன். ரெண்டு பேரு வந்து அளந்து பாத்துட்டுப் போயிட்டாங்க."

"என்ன படம், மொதலாளி?"

"லவ்வு. டப்பிங் படம். கடைசில கடல் பொங்கி ஊரையே அடிச்சிட்டுப் போகுது. மெட்ராஸ்ல செம ஓட்டம்."

"நம்ம ஊர்ல போயி கடல் பொங்குற படமா?"

"நான் இன்னாபா பண்றது? கைல கெடச்சது அதான்."

2. வெட்டு

வெற்று அரங்கில் படத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தீவு, அங்கே கலங்கரை விளக்கக் காவலரின் மகள், அவளை விரும்பும் படகு பழுதுபார்ப்பவன். ஆறாவது ரீலில் பேரலை எழுகிறது. அதுவரை இரசித்த நான் அங்கே படத்தை நிறுத்தினேன். கடலோரக் குப்பத்து மக்கள் இதை எப்படிப் பார்ப்பார்கள்?

பிரிண்ட்டில் கைவைப்பது எங்கள் தொழிலில் பெருங்குற்றம். தெரிந்தே செய்தேன். அலை தலைதூக்கும் இடத்தில் வெட்டி, மறுநாள் விடியும் காட்சியோடு ஒட்டினேன். எடுத்த நான்கு நிமிடத் துண்டைச் சுருட்டி, புரொஜெக்டர் விளக்குக்கான கார்பன் குச்சிகள் வந்த காலிப் பெட்டியில் வைத்தேன். முதலாளியிடம் சொல்லவில்லை.

3. பதினொன்றரை மணி ஆட்டம்

உப்பளத்தில் வெயில் ஏறுமுன் வேலை முடிந்துவிடும். அதற்கேற்ப எங்கள் முதல் ஆட்டம் பதினொன்றரைக்குத் தொடங்கும். விடியற்காலை முதல் உப்பின் வெண்மையைப் பார்த்துக் கூசிய கண்களுக்கு அரங்கின் இருட்டே பாதி சுகம் என்பார்கள். அன்று பெண்கள் பகுதி நிறைந்திருந்தது.

ஆறாவது ரீலில் என் ஒட்டு கடந்தது. காதலர் இருவரும் கலங்கரை விளக்கின் உச்சியில் நின்றார்கள். அடுத்த நொடி மணலில், சொட்டச் சொட்ட நனைந்து கிடந்தார்கள். அவன் கையில் கட்டு வேறு. அரங்கம் ஒரு கணம் விழித்தது. பிறகு விசில் கிளம்பியது. நான் படத்தை நிறுத்தினேன். யாரோ படியேறி வந்து என் புரொஜெக்டர் அறையின் இரும்புக் கதவைத் தட்டினார்கள்.

உப்பு வாரும் அஞ்சலை. குப்பத்தில் அவள் வீட்டையும் அண்ணியையும் அலை கொண்டுபோயிருந்தது.

"ண்ணே, அலை எங்க?"

"எந்த அலைம்மா?"

"நல்லா கேக்குறீங்க. போஸ்டர்ல அம்மாம் பெருசா போட்டிருக்கீங்க. மழையே இல்லாம அதுங்க ரெண்டும் எப்படி நனைஞ்சிது?"

உண்மையைச் சொன்னேன். "உங்களுக்காகத்தாம்மா எடுத்தேன். மனசு தாங்காதுன்னு."

அவள் அறைக்குள் ஒரு அடி வைத்தாள்.

"நெசத்தையே தாங்கிட்டோம்ண்ணே. அன்னைக்கி எங்க அண்ணி கை என் கையிலதான் இருந்துது. நழுவிடுச்சு. இந்தப் பையனாவது புடிச்சானா இல்லியான்னு பாக்க வேணாமா? போடுங்க. இல்லன்னா நாளைக்கி குப்பத்துல இருந்து ஒரு ஆளு வராது."

அவள் இறங்கிப் போனதும், விளக்குகளைப் போட்டுப் பத்து நிமிடத்தில் துண்டை மீண்டும் ஒட்டி, அந்த ரீலை முதலிலிருந்து ஓட்டினேன். அலை எழுந்தபோது மூச்சுச் சத்தமும் இல்லை. அப்போது ஆண்கள் பக்கமிருந்து ஒரு மீனவர் உரக்கச் சொன்னார்:

"டேய், தண்ணி மொதல்ல உள்வாங்கணும்டா. இவனுங்க கடலையே பாத்ததில்ல போல."

அரங்கமே சிரித்தது. ஐந்து மாதத்தில் அப்படியொரு சிரிப்பை நான் கேட்கவில்லை. சிரிப்பு அடங்குமுன் நாயகன் நீருக்குள் கைநீட்டினான். அவள் விரல்கள் வழுக்கின. மறுபடி எட்டினான்.

"புடிச்சிட்டான்!"

பெண்கள் பகுதி முழுவதும் ஒரே குரலாகச் சொன்னது. சிறு சாளரம் வழியே பார்த்தேன். அஞ்சலை பக்கத்திலிருந்தவளின் கையை இறுகப் பற்றியிருந்தாள்.

4. ஆறு வாரம்

படம் ஆறு வாரம் ஓடியது. பக்கத்துக் கடலோர ஊரான கூனிமேட்டிலிருந்து வேன் பிடித்து வந்தார்கள். அலை வரும்போது "உள்வாங்கணும்டா" என்று அரங்கமே சேர்ந்து சொல்வது வழக்கமாயிற்று. அளவெடுத்துப் போனவர்கள் மறுபடி வந்தபோது, "ஹவுஸ்புல்லுபா, அப்புறம் வாங்க" என்று முதலாளி திருப்பியனுப்பினார். வெட்டியதை அவரிடம் பிறகு ஒப்புக்கொண்டேன். "எங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல" என்றதோடு விட்டுவிட்டார்.

ஒட்டுகள் கடக்கும்போது ஒலிபெருக்கியில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும். வேறு யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. எனக்கு ஒவ்வோர் ஆட்டத்திலும் கேட்டது. பார்ப்பவர் எதைத் தாங்குவார் என்பதை மாடியறையில் இருந்துகொண்டு முடிவு செய்யக் கூடாது. படியிறங்கிப் போய்க் கேட்க வேண்டும். இத்தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல முடிந்தது அவ்வளவே.

உப்பளத்தில் வேலை நீண்ட நாள்களில் அஞ்சலையால் ஆட்டத்துக்கு வர இயலாது. வீட்டுக்குப் போகும் வழியில் படிக்கட்டடியில் நின்று, மேலே பார்த்துக் கேட்பாள்.

"ண்ணே, இன்னிக்கும் புடிச்சானா?"

"புடிச்சிட்டாம்மா."

"சரி" என்று நடையைக் கட்டுவாள்.