கமலை மாட்டுக்கு மத்தியானம் உண்டு

ஊறிய தோலின் நாற்றம் எங்கே அடித்தாலும் எனக்கு இன்றும் கோபம்தான் வருகிறது. கீழப்பழுவூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பண்ணையாரின் கிணற்றில் என் அப்பா கமலை ஓட்டினார். தோல்வாளியான சாலில் கிணற்றுத் தண்ணீரை இழுத்துக்கொண்டு மாடுகள் சரிவில் இறங்கும், பின்புறமாகவே நடந்து ஏறும். நாள்தோறும் அதே தடம். ஐந்து வகுப்பும் ஒரே கொட்டகையில் நடந்த எங்கள் பள்ளிக்கூடமும் பண்ணையாருடையதே. அதனால் ஊர் அவரை 'மானேஜர்' என்றது.

ஐந்து வகுப்புக்கும் வாத்தியார் ஒருவரே. விடிந்ததும் மானேஜர் மகனுக்கு வீட்டில் பாடம், பிறகு எங்களுக்கு, நாங்கள் சோற்றுக்குப் போகும் நேரத்தில் மானேஜருக்காகக் கடுதாசி, யுத்த காலமானதால் சாயங்காலம் ஊருக்கெல்லாம் ரேஷன் அட்டை எழுதுவது. தொண்டை கட்டிய நாளில் சுவரில் சாய்ந்து, "நான் கமலை மாடுடா. இறைக்கிறது நானு, பாயறது எவன் வயலுக்கோ" என்பார். இன்னொரு நாள், "தேஞ்ச பலப்பம்டா நான். இனிமே கீறும், எழுதாது" என்பார். நாங்கள் சிரிப்போம். வாய்விட்டு முறையிட்டால் வேலை போய்விடும் என்பதால்தான் அந்த மனிதர் மாடென்றும் பலப்பமென்றும் பேசினார் என்பது எங்களுக்கு எப்படித் தெரியும்?

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, தலை எண்ணிக்கை காட்ட ஆடு மேய்க்கிற பிள்ளைகளையும் பிடித்து உட்கார வைத்திருந்தார்கள். "உங்க வாத்தியார் எப்படிடா?" என்றார் அவர். எங்கள் வீட்டிலேயே முதன்முதலாகப் பலகை பிடித்தவன் நான், முந்திக்கொண்டு எழுந்தேன்.

"எங்க சார் கமலை மாடுங்க!"

எங்கள் வீட்டில் அதைவிடப் பெரிய புகழ்ச்சி கிடையாது. மாட்டுக்குத் தீனி வைக்காமல் அப்பா சாப்பிடமாட்டார். கொட்டகையே சிரித்தது. "யாரு சொன்னது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"சாரே சொல்லுவாருங்க. இறைக்கிறது அவரு, பாயறது எவன் வயலுக்கோன்னு."

பக்கத்தில் நின்ற மானேஜர் சிரிக்கவில்லை. இன்ஸ்பெக்டரை வண்டியேற்றிவிட்டு வந்து, "மாடாமுல்ல? அவுத்து விட்டுட்டாப் போச்சு" என்றார். அந்த வாரமே சார் வேலையில்லாமல் நின்றார். அப்பா என் முதுகில் வைத்த சாட்டைவார் எனக்குப் போதவில்லை.

டிரங்குப் பெட்டியோடு கிளம்பிய சாரிடம் அழுதுகொண்டு ஓடினேன். "நீ சொன்னது தப்பில்லடா. ஆனா மாட்டை மத்தியானம் அவுத்து விடுவாங்க, என்னை விடல. அதையும் சேத்துச் சொல்லியிருக்கணும்" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் யாரையும் மன்னிக்காமல் வைத்திருக்கிறேன்.

இன்று அந்தக் கிணற்றில் ஆயில் எஞ்சின் ஓடுகிறது. கமலையும் சாலும் மாடுகளும் போயாயிற்று. நான் அரியலூரில் வாத்தியார். நேற்று வாக்காளர் பட்டியலை எங்கள் தலையில் கட்டியபோது, "நாமெல்லாம் செக்கு மாடு சார்" என்றார் பக்கத்து வகுப்பு ஆசிரியர், எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாளை இன்ஸ்பெக்டர் வருகிறார். மத்தியானத்தையும் சேர்த்துச் சொல்லப்போகிறேன்.