மூன்று நீலச் செடிகள்

செடி ஆராய்ச்சிக்கூடத்தில், காய்ந்த செடிகளைத் தாளில் ஒட்டுவது அண்ணியின் வேலை. இருபத்தாறு வருடமாக ஒட்டுகிறார். மலைப்பூ எதையும் அது முளைத்த இடத்தில் பார்த்ததில்லை. அவரிடம் வரும்போது எல்லாம் தட்டையாகத்தான் வரும்.

இந்த முறை, வழக்கமாகப் போகும் உதவியாளர் காலை உடைத்துக்கொண்டதால், மலையில் செடி சேகரிக்கும் பயணத்துக்கு அதிகாரியோடு அண்ணியை அனுப்பினார்கள். "மாடிப்படி ஏறவே முட்டியைப் பிடிச்சுக்குவே. மலைக்கா?" என்று அண்ணன் சிரித்தார். "உங்க சட்டையைத் தேச்சுக்கிட்டே கிடக்கணுமா?" என்று கேட்டுவிட்டு அண்ணி கிளம்பினார்.

நான்கு நாள் ஏற்றம். ஐந்தாம் நாள், பாறையும் பனியும் தவிர ஒன்றுமில்லாத மேட்டில், ஓர் இடுக்கில் அண்ணிதான் முதலில் கண்டார். கட்டைவிரல் உயரத்தில் மூன்று செடிகள், ஆளுக்கொரு நீலப்பூ. அரை நாள் சுற்றித் தேடியும் நாலாவது இல்லை.

"மூணையும் வேரோட எடுத்துடுங்க," என்றார் அதிகாரி. "ஒண்ணு நமக்கு, ரெண்டு வெளி நிறுவனங்களுக்கு."

"இதே செடி நம்ம அலமாரியில பதினோரு தாள் இருக்கு சார். நானே ஒட்டினது."

"ஒட்டறவங்க ஒட்டறதோட நிறுத்திக்கணும்."

அண்ணிக்குச் சுர்ரென்று ஏறியது. ஆனால் அந்த உயரத்தில் ஒருவரை நிம்மதியாகத் திட்டக்கூட முடியாது. இரண்டு சொல்லுக்கு ஒருமுறை மூச்சு வாங்குகிறது. "எல்லாத்தையும் பிடுங்கிட்டா... அடுத்த வருஷம்... உங்கப்பாவா வந்து... விதை போடுவாரு?"

சுமை தூக்கி வந்தவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். அண்ணி களைக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு செடிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். அதிகாரி எட்டி, பேனாக்கத்தியால் ஓரத்துச் செடியைப் பெயர்த்தார். அடுத்ததற்குக் குனிந்தபோது அண்ணி அவர் மணிக்கட்டைப் பிடித்தார். விடவில்லை.

"மூடுபனி ஏறுது," என்றார் சுமைக்காரர். "இப்ப இறங்கலேன்னா நம்ம மூணு பேரையும்தான் தாள்ல ஒட்டணும்."

இரண்டு செடிகள் தப்பின.

பெயர்த்த செடி ஒட்டுவதற்கு அண்ணியின் மேசைக்கே வந்தது. அதிகாரி எழுதிய விவரச் சீட்டில், 'இப்பகுதியில் பரவலாக உள்ளது' என்றிருந்தது. பரவலாம்! அண்ணி அதை அடித்துவிட்டு, 'மூன்று இருந்தன. இப்போது இரண்டு' என்று எழுதினார். அதே வரியோடு புதுச் சீட்டு வந்தது. அதையும் அடித்தார். விளக்கம் கேட்டுக் கடிதம் வந்தது.

"ஒரு வார்த்தைக்கா இவ்வளவு? ஒட்டிக் குடுத்துட்டுப் போயேன்," என்றார் அண்ணன்.

"பரவலா இருக்குன்னு படிச்சுட்டு அடுத்து ஏறுறவன் மிச்ச ரெண்டையும் பிடுங்குவான். அதுக்கு என் கையால பசை தடவணுமா?"

மூன்றாவது சீட்டும் வந்திருக்கிறது. செடி இன்னும் ஒட்டப்படாமல் அவர் மேசையில்தான் கிடக்கிறது.